தோட்டக் குளம்: ஃபைபர் தொட்டியா, லைனர் ஷீட்டா?

நாலு அல்லி, கொஞ்சம் கப்பி மீன், ஒரு சின்ன மோட்டார். இவ்வளவுக்கும் இடம் தரும் குளத்தை வீட்டுத் தோட்டத்தில் அமைக்க இரண்டு வழி இருக்கிறது. அச்சில் வார்த்த ஃபைபர் அல்லது பிளாஸ்டிக் தொட்டியை வாங்கிக் குழியில் இறக்கலாம். இல்லையென்றால் நாமே குழி வெட்டி அதில் லைனர் ஷீட், அதாவது நீர் கசியாத பிளாஸ்டிக் அல்லது ரப்பர் விரிப்பு, விரிக்கலாம். பெரும்பாலானவர்கள் விலையையும் வடிவத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மண்ணையும், ஐப்பசி கார்த்திகையில் அந்த மண்ணில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறது என்பதையும்தான். தொட்டி கெட்டால் பழுது பெரும்பாலும் அடியில் இருக்கும், ஷீட் கெட்டால் விளிம்பில் இருக்கும்.

தொட்டியிலிருந்து தொடங்கலாம். வாங்கி வந்து புதைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு தப்பு. குழி தொட்டியைவிட எல்லாப் பக்கமும் 4 அங்குலம் அகலமாக இருக்க வேண்டும். கையும் இடிக்கும் கட்டையும் உள்ளே போக அந்த இடைவெளி தேவை. தொட்டியை நிமிர்த்தி வைத்து, விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடியில் கல், வேர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 2 அங்குலம் சலித்த மணல் பரப்ப வேண்டும். எம்-சாண்ட் என்றாலும் சலித்தே போடுங்கள். தொட்டியை இறக்கியதும் விளிம்பின் குறுக்கே நேரான பலகை வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ரசமட்டம் பாருங்கள். அரை அங்குலச் சரிவுகூட நீர் நிரம்பியதும் கண்ணை உறுத்தும். அப்போது சரிசெய்ய வழியும் இருக்காது.

பக்கவாட்டில் மண் நிரப்பும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உள்ளே 4 அங்குலம் தண்ணீர் விட்டு, வெளியே 4 அங்குலம் மணல் போட்டு, நனைத்து இடிக்க வேண்டும். பிறகு மறுபடி 4 அங்குலம். இப்படியே உள்ளும் வெளியும் சமமாக ஏறி வர வேண்டும். காலித் தொட்டியைச் சுற்றி மண்ணை இறுக்கினால் சுவர் உள்பக்கம் வளையும். மண் போடாமல் தண்ணீரை மட்டும் நிரப்பினால் வெளிப்பக்கம் புடைக்கும். தொட்டிக்குள் செடி வைக்கத் தரும் படிகளுக்கு அடியில் வெற்றிடம் விழவே கூடாது. அந்தப் படியின் மூலையில்தான் முதல் விரிசல் வரும். அந்த இடத்துக்கு மட்டும் 1:10 சிமென்ட் மணல் கலவையை லேசான ஈரத்தில் திணித்துவிட்டால் கவலை இல்லை.

மழைக்காலம் தொட்டிக்குச் சோதனைக் காலம். ஆயிரம் லிட்டர் தொட்டியைக் கழுவுவதற்காகக் காலி செய்திருக்கிறீர்கள், வெளியே நிலத்தடி நீர் பாதி உயரத்துக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து சுமார் 500 கிலோ விசை தள்ளும். தொட்டியின் எடையோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தொட்டி அப்படியே மேலே கிளம்பிவிடும், அடியில் சேறு புகுந்துகொள்ளும், திரும்ப உட்காராது. சென்னை கடலோரப் பகுதி, வயல் நிரவிய மனை போன்ற இடங்களில் கார்த்திகை வரை தொட்டியைக் காலி செய்யவே கூடாது. அங்கே பாதி தரைக்குள், பாதி தரைக்கு மேல் என்று செங்கல் கட்டி வைப்பது உத்தமம்.

ஷீட்டுக்கும் இந்தத் தொல்லை உண்டு, ஆனால் சேதம் குறைவு. அடியில் நீர் ஏறினால் ஷீட் நடுவில் பலூன் போல் உப்பி எழும், நிலத்தடி நீர் இறங்கியதும் தானாகப் படியும். காலி செய்யாமல் நீர் நிரம்பியிருந்தால் அதுவும் பெரும்பாலும் வராது.

கோவைப் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஷீட்டுக்குத்தான் என் ஓட்டு. கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் அது. விறைப்பான தொட்டி ஒரு பக்கம் சாயும், நாளடைவில் விரிசலும் விடும். ஷீட் மண்ணோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். தொட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், சுற்றிலும் அடியிலும் கரிசலை 6 அங்குலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு கிராவல் போட்டு இடிக்க வேண்டும்.

ஷீட் அளவு கணக்கு எளிது. நீளத்தோடு ஆழத்தின் இரண்டு மடங்கைக் கூட்டி, விளிம்புக்கு 2 அடி சேர்க்க வேண்டும். அகலத்துக்கும் அப்படியே. 8 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 14 அடிக்கு 12 அடி ஷீட் தேவை. உள்ளே எத்தனை படி வைத்து வெட்டினாலும் கணக்கு மாறாது. ஓரங்கள் சரிவாக இருப்பதால் இந்தக் குளம் ஏறத்தாழ 2,000 லிட்டர் பிடிக்கும். அதே கொள்ளளவில் தொட்டி வாங்கினால் விலையோடு லாரி வாடகையும் தூக்கிவைக்க ஆள் கூலியும் சேர்ந்துகொள்ளும். ஷீட் மடித்த கட்டாக வந்துவிடும்.

எந்த ஷீட்? கடையில் கிடைக்கும் நீலத் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம், வெயிலில் நார் நாராக உதிர்ந்துவிடும். பண்ணைக் குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் கறுப்பு எச்டிபிஇ (அடர்த்தியான பாலித்தீன்) ஷீட் நீடித்து உழைக்கும். லேமினேட் செய்த நெய்த ரகம் வாங்கினால் ஐஎஸ் 15351 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் எச்டிபிஇ விறைப்பானது. செவ்வகக் குளத்துக்குச் சரி, வளைவு நெளிவான குளத்தில் மடிப்பு மடிப்பாக நிற்கும். அங்கே 1 மில்லிமீட்டர் ஈபிடிஎம் ரப்பர் ஷீட் அழகாகப் படியும். விலை கூடுதல்தான், தரலாம். இன்னொரு விஷயம்: எச்டிபிஇயில் ஓட்டை விழுந்தால் எந்தப் பசையும் பிடிக்காது, சூடு வைத்துத்தான் ஒட்ட வேண்டும். ஈபிடிஎம்மைப் பிரைமர் தடவி, அதற்கான பேட்ச் போட்டு நாமே ஒட்டிவிடலாம்.

ஷீட்டுக்கு அடியில் பழைய சாக்கு, கம்பளம் போடும் வழக்கம் இருக்கிறது. கரையானுக்கு விருந்து வைப்பதுதான் அது. சாக்கு மக்கியதும் கல் முனை நேராக ஷீட்டில் குத்தும். 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) குறையாத ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி போடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இரண்டு அடுக்காக விரிக்கலாம். பேனரையே குளத்துக்கு ஷீட்டாகப் போடும் யோசனை மட்டும் வேண்டாம்.

விரிப்பதற்கு முன் ஷீட்டை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். இழுத்துக் கட்டாமல் தளர்வாக விட்டு, ஓரங்களில் செங்கல் வைத்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். நீர் ஏற ஏற, சின்னச் சின்னச் சுருக்கங்களை ஒரே பெரிய மடிப்பாக ஒதுக்க வேண்டும். நிரம்பி ஒரு நாள் கழிந்த பிறகே உபரி ஓரத்தை வெட்டலாம். அவசரப்பட்டு முன்பே வெட்டினால், ஷீட் கீழே இறங்கும்போது விளிம்பு போதாமல் போகும்.

குழியின் விளிம்பு முழுக்க ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எங்கே தாழ்வோ அதுதான் உங்கள் குளத்தின் நீர்மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) சுற்றிலும் பார்த்துவிடுங்கள். அடுத்து, ஷீட்டின் ஓரத்தைப் பாறைக்கு அடியில் மடக்கிப் புதைக்காதீர்கள். பாறைக்குப் பின்னால் நிமிர்த்தி, மண்மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி விடுங்கள். புதைத்தால் மண் நீரைத் தொட்டு, திரி எண்ணெய் உறிஞ்சுவது போல் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். மழையில் தோட்டத்து உரமும் சேறும் குளத்தில் இறங்கி, பாசி மண்டும். ஷீட் ஓட்டை என்று நினைத்துக் குளத்தையே பிரித்துப் போடும் பலருக்குப் பிரச்சினை இந்த ஓரத்தில்தான் இருக்கும்.

ஓட்டையா, வெயிலில் ஆவியாகிறதா என்று தெரிய ஒரு வாளி போதும். குளத்து நீரையே வாளியில் நிரப்பிக் குளத்தின் படியில் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்தான் காரணம். குளம் மட்டும் கூடுதலாக இறங்கினால், அது எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தில் சுற்றிலும் தேடுங்கள். ஃபைபர் தொட்டியில் விரிசல் என்றால் காய வைத்து, உப்புத்தாள் தேய்த்து, ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் வைத்து அடைக்கலாம். நன்றாக இறுகி வாடை போகும் வரை மீன் விடக்கூடாது.

பெருச்சாளி நடமாட்டம் உள்ள மனையில் கணக்கு மாறும். வெளியிலிருந்து வளை தோண்டி வந்து ஷீட்டைக் கடித்துவிடும். மூங்கில் புதர் பக்கத்தில் இருந்தாலும் அதன் குருத்து ஷீட்டைக் குத்தும். இந்த இரண்டு இடத்திலும் தொட்டிதான் சரி. மொட்டை மாடிக்கு இரண்டுமே யோசிக்க வேண்டியவை: 2 அடி நீர் சதுர மீட்டருக்கு 600 கிலோ எடை. சாதாரணமாக மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்கே கணக்கிடுகிறார்கள்.

ஆழம் தொட்டியின் இன்னொரு குறை. பல மாடல்கள் ஒன்றரை அடியோடு நின்றுவிடுகின்றன. சித்திரை வெயிலில் அவ்வளவு நீர் மளமளவென்று சூடேறும், மீன் மேலே வந்து வாய் பிளக்கும். 2 அடிக்குக் குறைந்த தொட்டியை முழு வெயிலில் வைக்காதீர்கள். தொட்டியின் படிகளும் குறுகலானவை, 8 அங்குலப் பூச்சட்டிகூட நிலையாக நிற்காது. ஷீட் குளத்தில் படியை நம் இஷ்டப்படி ஓர் அடி அகலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

500 லிட்டருக்குள், நிலம் கெட்டியாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டி வாங்கலாம். ஆயிரத்தைத் தாண்டினால் ஷீட். இடைப்பட்ட அளவுக்கு, இந்த மழைக்காலத்தில் அந்த இடத்தில் 2 அடிக் குழி ஒன்று வெட்டிவையுங்கள். மழை விட்ட மறுநாள் பக்கவாட்டிலிருந்து நீர் ஊறி நின்றால் ஷீட்டுக்கு அளவெடுங்கள், வற்றிக் கிடந்தால் தொட்டிக் கடைக்குப் போங்கள்.