கூகுள் ஸ்காலர் ப்ரொஃபைல்: ஓசிக்கு சூப்பர், ஆனா நம்பரை அப்படியே நம்பிடாதீங்க

ஆராய்ச்சி பண்றவங்களோட பேப்பரையும், அதுக்கு வந்த சைட்டேஷனையும் (மத்த பேப்பர்கள் அதை மேற்கோள் காட்டினது) ஒரே பக்கத்துல காட்டற கூகுள் சேவை இது, நாலு வருஷமா யூஸ் பண்றேன். பேப்பரை தானா தேடிப்பிடிச்சு சேத்துக்குது, சைட்டேஷன் கிராஃப் வருஷவாரியா வருது, காசு கிடையாது. முன்னாடி காசு கட்டி பாத்த ஒரு டேட்டாபேஸ்ல இனிஷியல் மாறிப்போச்சுன்னு என்னையவே ரெண்டு ஆளா பிரிச்சு வச்சிருந்தாங்க, சரி பண்ண மூணு மெயில் போட்டேன்.

எச்-இன்டெக்ஸ்தான் எல்லாரும் முதல்ல பாக்கறது. 2005ல ஹிர்ஷ்னு ஒரு பிசிக்ஸ்காரர் கொண்டுவந்தது, 12னா குறைஞ்சது 12 சைட்டேஷன் வாங்குன பேப்பர் 12 இருக்குன்னு அர்த்தம். ஒரே பேப்பர் எழுதி அது 5000 சைட்டேஷன் வாங்கினாலும் எச்-இன்டெக்ஸ் 1தான், கொடுமை! தன் பேப்பரை தானே சைட் பண்ணதையும் கழிக்காது, தீசிஸ், ப்ரீபிரின்ட் (ஜர்னல்ல வரதுக்கு முன்னாடியே வெளிய போடற பேப்பர்) எல்லாம் சேந்துக்கும், அதனால ஸ்கோபஸ்ங்கற காசு கட்டற டேட்டாபேஸ்ல இருக்கறத விட இங்க நம்பர் பெரும்பாலும் கூடத்தான் காட்டும், பாத்துட்டு குதிக்காதீங்க.

கூட்டா வேலை செஞ்சத காட்றதுல ரொம்ப வீக். கோ-ஆத்தர்னு ஒரு லிஸ்ட் இருக்கு, யார் எவ்ளோ செஞ்சாங்கன்னு ஒண்ணும் தெரியாது. 2015ல வந்த ஹிக்ஸ் போசான்ங்கற துகளோட நிறை பத்தின பிசிக்ஸ் பேப்பர்ல 5154 பேர் ஆத்தர், அதுல யார் ப்ரொஃபைல்ல சேத்தாலும் முழு சைட்டேஷனும் அவங்க கணக்குலதான் ஏறும். யார் யாரோட, எந்த நாட்டு ஆளுங்களோட எழுதினாங்கன்னு பாக்கணும்னா ஓப்பன்அலெக்ஸ்ங்கற ஆராய்ச்சி பேப்பர் டேட்டாபேஸுக்கு போங்க, அதுவும் ஃப்ரீதான்.

5க்கு மூணரை. வேற துறைக்காரங்களோட நம்பரை ஒப்பிட்டு பாக்கறவங்களுக்கு 1.