நார்கொண்டம் இருவாச்சி: தீவிலேயே காப்பதா, கூண்டில் பெருக்குவதா?

புதுச்சேரியில் பறவை பார்க்கிறவர்கள் கூடினால் அடிக்கடி கிளம்பும் வாக்குவாதம் இது. அந்தமானின் நார்கொண்டம் தீவு ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டர், நம்ம ஊசுட்டேரி அளவுதான், பெரிய அலகுள்ள இந்த இருவாச்சிப் பறவைக்கு உலகத்தில் வேறு வீடே கிடையாது. ஒரு பெரும்புயலோ நோயோ வந்தால் மொத்தமும் போய்விடும், அதனால் கொஞ்சத்தைப் பிடித்து வெளியே வளர்க்கலாம் என்கிறது ஒரு தரப்பு. பயம் நியாயம்தான். ஆனால் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு ஆண் ஊட்டும் பழத்தை நம்பியிருக்கும் பெட்டைக்குக் கூண்டில் ஒத்துப்போகும் ஜோடி அமைவதே பெரும்பாடு.

தீவிலேயே காப்பதில் பலன் கண்ணுக்குத் தெரிகிறது: நாற்றுகளை மேய்ந்த ஆடுகளை அகற்றினார்கள். சரி, ஓட்டையும் உண்டு, 2012-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்த, தீவில் ரேடார் அமைக்கும் திட்டத்துக்கு 2014-இல் அனுமதி கிடைத்துவிட்டது. இருந்தும் என் ஓட்டு தீவுக்கே.