கல்யாண கேசட்டுக்கு 'லாக்' உடைக்கக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

டர்பனில் பழைய வீடியோ கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடை ஒன்று, சாட்ஸ்வொர்த் குடும்பம் ஒன்றின் கல்யாண கேசட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, "இதில் காப்பி லாக் (பிரதி எடுக்கவிடாத தடுப்பு) இருக்கிறது" என்று கேசட்டுக்குக் கேசட் தனிக் கட்டணம் பிடுங்கியிருக்கிறது. அப்படியும் தாலி கட்டும் இடத்தில் படம் கிழிந்து ஆடுகிறது. வீட்டுக் கேமராவில் எடுத்த கேசட்டில் லாக் இருக்கவே வழியில்லை.

மேக்ரோவிஷன் என்ற அந்தத் தடுப்பு 1985-இல் ஹாலிவுட் படக் கேசட்டுகளில் வந்தது. விற்பனைக்குப் பிரதி எடுக்கும் இடத்தில் தனிக் கருவி வைத்துச் சேர்ப்பது அது. நம் ஊர் டிவியின் 'பால்' (PAL) சிக்னல் முறையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 625 கோடுகள். திரையில் தெரிபவை 576. தெரியாத கோடுகளில் பொய்யான சிங்க் துடிப்புகளையும் (கோடு எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்பவை சிங்க் துடிப்புகள்), அவற்றை ஒட்டி மிகப் பிரகாசமான துடிப்புகளையும் திணிப்பார்கள். பதிவு செய்யும் வி.சி.ஆர். சிக்னலின் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் அல்லவா? அது ஏமாந்து, சிக்னல் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். பிரதியில் படம் இருண்டு, வெளுத்து, உருளும். மூலக் கேசட் டிவியில் ஒழுங்காகவே ஓடும்.

பழைய டிவி இருந்தால் நீங்களே பார்க்கலாம். வெர்டிக்கல் ஹோல்ட் குமிழைத் திருகிப் படத்தை உருள விடுங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே வரும் கறுப்புப் பட்டையில் வெள்ளைக் கட்டங்கள் மங்கி மங்கிப் பளிச்சிட்டால் மேக்ரோவிஷன். கல்யாண கேசட்டில் அவை வராது.

பிறகு ஏன் கம்ப்யூட்டர் 'காப்பி தடை' என்று காட்டுகிறது? தேய்ந்த டேப்பின் சிங்க் தள்ளாடும். படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் கேப்சர் கருவி அதையே மேக்ரோவிஷன் என்று தவறாக எடுத்துக்கொள்ளும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. செய்ய வேண்டியது: வி.சி.ஆரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் ஷாமி தோல் குச்சியும் கொண்டு பக்கவாட்டில் மட்டும் துடைப்பது (மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும், பஞ்சுக் குச்சியின் நார் சிக்கும்), டிராக்கிங்கைச் (ஹெட் டேப்பின் தடத்தில் சரியாக ஓடுவதை) சரிசெய்வது, பிறகு வி.சி.ஆருக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் ஃபிரேம் டைம் பேஸ் கரெக்டர் வைப்பது. அந்தக் கருவி சிங்கையே புதிதாக உருவாக்கித் தரும். அது இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லாத கடைக்குக் கேசட்டைக் கொடுக்காதீர்கள்.

கேசட்டின் முதுகுப் பக்கத்துப் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருப்பதையும் லாக் என்பார்கள். அது மேலே வேறொன்று பதிவாகாமல் காக்கும், அவ்வளவுதான், உடைந்திருப்பதே நல்லது. மொரிஷியஸ் சொந்தக்காரர்கள் டிவியிலிருந்து பதிந்து அனுப்பிய கேசட் கறுப்பு வெள்ளையாக ஓடினாலும் தடுப்பு காரணமில்லை. அங்கே ஒளிபரப்பு, நிறத்தை வேறு விதமாக அனுப்பும் 'சீகாம்' (SECAM) முறையில் இருந்தது. அதைப் படிக்கும் வி.சி.ஆரிலும் டிவியிலும் போட்டால் நிறம் வரும்.

கடற்கரை ஈரத்தில் கிடந்த கேசட்டை மட்டும் கொடுக்கும் முன் அதன் மேலுள்ள சிறு சன்னல் வழியாகப் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. ஓட்டவே கூடாது, ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.