மோட்டார்ஹோமுக்கு ஜெனரேட்டர் வாங்கப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

அரிசோனாவில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வைத்திருக்கும் நம்மவர்களுக்காகவும், வாங்க நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பீனிக்ஸ் புறநகரில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு உதிரிப்பாகக் கடை. வேறொருவர் ஓட்டித் திருப்பிக் கொடுத்த ஜெனரேட்டரை, பெட்டி பிரிக்காத புதுச் சரக்கு என்று சொல்லி எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். விலை 850 டாலர். பணம் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். ஆனால் அந்தக் கடைக்காரர் கூசாமல் சொன்ன ஒரு யோசனை என் அம்மாவின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எங்களுடையது 24 அடி நீளமுள்ள பழைய வண்டி. அதோடு வந்த ஜெனரேட்டர் ஆயுள் முடிந்து நின்றுவிட்டது. பழுதுபார்க்கக் கேட்ட தொகைக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். பீனிக்ஸ் வெயிலிலிருந்து தப்பி, கிராண்ட் கேன்யனுக்குத் தெற்கே கைபாப் தேசிய வனத்தில் சில நாள் தங்கலாம் என்று திட்டம். அங்கே காட்டுக்குள் கட்டணம் இல்லாமல் 14 நாள் வரை முகாமிடலாம். ஆனால் மின்சாரம், தண்ணீர் எதுவும் கிடையாது. கூரையில் இருக்கும் சோலார் தகடு விளக்குக்கும் கைப்பேசிக்கும் போதும். ஏசி ஓட்டவும், தூங்கும்போது அம்மா முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவிக்காகப் பேட்டரியை நிரப்பி வைக்கவும் ஜெனரேட்டர் வேண்டும்.

கடையில் நான் கேட்டது இதைத்தான்: கூரையில் 13,500 பிடியு குளிரூட்டும் திறனுள்ள ஏசி இருக்கிறது, இழுக்குமா? கடைக்காரர் பெட்டியின் மேலிருந்த பெரிய எழுத்தைத் தட்டிக் காட்டினார். 3,600 வாட். அதன் கீழே 'ஆர்வி ரெடி', அதாவது மோட்டார்ஹோமுக்குத் தயார், என்று பளபளக்கும் ஒட்டுத்தாள். "உங்கள் ஏசிக்கு இதில் பாதி போதும். இது இன்வெர்ட்டர் வகை, சத்தமே வராது. பெட்ரோலிலும் ஓடும், புரோப்பேன் எரிவாயுவிலும் ஓடும்" என்றார். அவர் சொன்னதில் எரிபொருள் விஷயம் ஒன்று மட்டுமே உண்மை.

'ஆர்வி ரெடி' என்பதற்குத் தரச்சான்று என்று எந்தப் பொருளும் இல்லை. மோட்டார்ஹோமின் 30 ஆம்பியர் பிளக்கை நேராகச் செருகும்படி முகப்பில் ஒரு சாக்கெட் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த சாக்கெட்டுக்குப் பின்னால் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பது வேறு கணக்கு. 3,600 என்பது இயந்திரம் சில நொடிகள் மட்டுமே தாங்கும் உச்சம். தொடர்ந்து தரக்கூடியது பெட்ரோலில் 2,900, புரோப்பேனில் 2,600. இந்த எண்கள் இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ள உலோகத் தகட்டில் பொறித்திருந்தன. கடை தன் விலைச் சீட்டைச் சரியாக அந்தத் தகட்டின் மேலேயே ஒட்டியிருந்தது. பின்னர் ஈரத்துணி வைத்து ஊறவைத்து உரித்த பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், இன்ஜின் வலுவும் குறையும். ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே அச்சிட்டிருக்கும். பீனிக்ஸ் 1,100 அடியில் இருக்கிறது. நாங்கள் தங்கிய இடம் ஏறக்குறைய 7,000 அடி. ஆகவே காட்டில் 2,900 என்பது 2,200க்குச் சற்றுக் கீழே. உச்சமே 2,700 வாட்தான். ஓடத் தொடங்கிய பிறகு ஏசிக்கு 1,500 வாட் போதும். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். கைபாப் வனத்துக்குத்தான் போகிறோம் என்று கடைக்காரரிடம் ஊர் பெயரோடு சொல்லியிருந்தேன். தினமும் ஜெனரேட்டர் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

வாங்கும்போது அவர் செய்த வேலையை எல்லோரும் கவனிக்க வேண்டும். "புது இன்ஜின், பழக வேண்டும். வீட்டுக்குப் போனதும் எண்ணெய் ஊற்றி, பெட்ரோல் போட்டு, ஐந்து மணி நேரம் ஓடவிடுங்கள். அப்போதுதான் முழு வலு வரும்" என்று அக்கறையாகச் சொன்னார். அந்த அக்கறையின் உள்நோக்கம் ரசீதின் பின்பக்கத்தில், வெளிர் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்தது: எரிபொருளோ எண்ணெயோ ஊற்றிய இயந்திரத்தைத் திருப்பி எடுக்க மாட்டோம். திருப்பித் தரும் உரிமையை வாங்கியவர் கையாலேயே அழிக்க வைக்கிறார்கள்.

காட்டில் முதல் நாள் மதியம் ஏசியைப் போட்டோம். இன்ஜின் ஒரு முறை முக்கியது, இருமியது, நின்றது. புரோப்பேனுக்கு மாற்றினோம், இன்னும் மோசம். முகப்பில் சிறிய திரை ஒன்று இருந்தது. பொத்தானை அழுத்த அழுத்த மின்னழுத்தம், அதிர்வெண், ஓடிய நேரம் என்று மாறி மாறிக் காட்டும். இந்த நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். எந்தக் கருவியும் மின்சாரம் இழுக்காமல், பாரம் இல்லாதபோது அது 62; குக்கரைப் போட்டதும் 57க்கு இறங்கியது. இன்வெர்ட்டர் வகை என்றால் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் 60இல் அசையாமல் நிற்கும். பாரம் குறைந்தால் இன்ஜினும் வேகத்தைக் குறைத்து அடங்கும். எங்களுடையதோ ஒரு விளக்கு எரிந்தாலும் முழு வேகத்தில் கத்தியது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "அரிசி ஆலைக்குள் வந்து படுத்த மாதிரி இருக்கிறதே, தம்பி" என்றார்.

கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். வண்டியின் மின்பாதுகாப்புக் கருவி இந்த ஜெனரேட்டரை ஏற்காமல் அடிக்கடி துண்டிக்கிறது என்றேன். "அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு நேராக மாட்டுங்கள்" என்றார். மட்டமான மின்சாரத்திலிருந்து வண்டியைக் காப்பாற்றுகிற பொருளைக் கழற்றச் சொல்கிறவரை என்னவென்பது? சத்தத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "பின் பம்பரில் இருக்கும் தட்டில் வைத்துக் கட்டிவிடுங்கள். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். இரவு முழுக்க ஓட்டலாம், ஒன்றும் ஆகாது" என்றார்.

அன்று மாலை பேட்டரியை நிரப்புவதற்காக அப்படியே வைத்து ஓட்டினோம். அந்தத் தட்டுக்கு மேலேதான் பின்பக்கப் படுக்கை. அம்மா அங்கே படுத்திருந்தார். தலை வலிக்கிறது என்றார். உயரமான இடம், பயணக் களைப்பு என்று எண்ணித் தண்ணீர் கொடுத்தோம். சிறிது நேரத்தில் படுக்கைக்கு அருகில் இருந்த, இன்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் கண்டறியும் அலாரம் அலறத் தொடங்கியது. என் மனைவி ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். நான் அம்மாவைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டோம். அவசர உதவிக்கு அழைத்து, வந்தவர்கள் பரிசோதித்து, பயமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. 2007 முதல் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு கையடக்க ஜெனரேட்டரிலும் இந்த நச்சுப்புகையைப் பற்றிய எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் இயந்திரத்தில் அந்த இடத்தில் செவ்வகமாகப் பசைத் தடம் மட்டும் இருந்தது; அதில் மண்ணும் நூலும் ஒட்டிக் கறுத்துப் போயிருந்தன. புதிய இயந்திரத்தில் அது எப்படி வரும்?

பக்கத்தில் முகாமிட்டிருந்த ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர் அலாரம் கேட்டு வந்தார். டார்ச் அடித்துப் புகைக்குழாயைப் பார்த்தார். தீப்பொறியைத் தடுக்கும் சிறு கம்பிவலை அங்கே இல்லை. தேசிய வனங்களில் அது இல்லாமல் ஜெனரேட்டர் ஓட்டக்கூடாது. காய்ந்த பைன் சருகுக்கு ஒரு பொறி போதும். அவர்தான் பொத்தானை மூன்றாவது முறை அழுத்தி, ஓடிய நேரத்தைக் காட்டினார். நாங்கள் ஓட்டியது சில மணி நேரம். திரையில் இருந்தது 41.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனோம். எதிர்பார்த்த பதில்தான்: எண்ணெய் ஊற்றிவிட்டீர்கள், எடுக்க முடியாது. வேண்டுமானால் வாரண்டியில் பாருங்கள் என்று தயாரிப்பாளரைக் கைகாட்டினார்கள். தயாரிப்பாளரை அழைத்து வரிசை எண்ணைச் சொன்னால், இது ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்து, பழுது பார்த்து, மறுவிற்பனைக்கு என்று குறைந்த விலையில் அனுப்பிய இயந்திரம், வாரண்டிக் காலமும் முடிந்துவிட்டது என்றார்கள். அதை எழுத்தில் கேட்டு மின்னஞ்சலாக வாங்கிக்கொண்டேன். எங்களைக் காப்பாற்றியது அந்த மின்னஞ்சல்தான்.

கடன் அட்டையில் கட்டியிருந்ததால் வங்கியிடம் எழுத்துமூலம் முறையிட்டோம். 1974ஆம் ஆண்டின் கடன் அட்டைக் கணக்குச் சட்டப்படி, அந்தச் செலவு இடம்பெற்ற கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத வேண்டும். தொலைபேசியில் புலம்பினால் மட்டும் போதாது. பெட்டியின் படம், விலைச்சீட்டை உரித்த தகடு, திரையில் தெரிந்த 41, பசைத் தடம், தயாரிப்பாளரின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் இணைத்தோம். கடை கடைசிவரை மறுத்தது. புதியது என்று ரசீதில் அச்சிட்டிருந்ததால் வங்கி எங்கள் பக்கம் நின்று 850 டாலரையும் திருப்பிக் கொடுத்தது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறோம். அதன் முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

இனி வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்றுகொண்டே பாருங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டுத் தகட்டில் இருக்கும் 'தொடர் வாட்' எண்ணைப் பாருங்கள். மேலே ஏதாவது ஒட்டியிருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். போகிற ஊரின் உயரத்துக்கு ஏற்றபடி அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வாரண்டிப் பத்திரத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே படிக்கக் கேளுங்கள். 15 டாலருக்கு மேற்பட்ட பொருள்களுக்கு எழுத்து வாரண்டி இருந்தால் அதை முன்கூட்டியே பார்க்கக் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டு விதி. கொடுக்கத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். சத்தத்தின் அளவான டெசிபல் எண்ணைச் சொன்னால் எத்தனை அடி தூரத்தில், எவ்வளவு பாரத்தில் அளந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் 23 அடியில், கால்வாசிப் பாரத்தில் அளந்ததாக இருக்கும். தேசியப் பூங்காக்களில் ஜெனரேட்டர் சத்தம் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக்கூடாது. அங்குள்ள முகாம்கள் பலவற்றில் காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரத்தில்தான் ஓட்டவும் விடுவார்கள்.

ஏசிக்கு 'சாஃப்ட் ஸ்டார்ட்' என்ற கருவி ஒன்றைப் பொருத்தினால் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம் பெருமளவு குறையும். நாங்கள் இப்போது அதைப் பொருத்தி, வேறு கடையில் உண்மையான இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். கார்பன் மோனாக்சைடு கூடினால் தானே நின்றுவிடும் உணர்கருவி அதில் இருக்கிறது. ஆனாலும் நீளமான கேபிள் போட்டு, வண்டியை விட்டு 20 அடிக்கு அப்பால்தான் வைக்கிறோம். படுக்கப் போகும் முன் நிறுத்திவிடுகிறோம். இரவில் அம்மாவின் கருவி பேட்டரியில் ஓடுகிறது.

இதேபோல் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், கணக்கு அறிக்கையின் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். 60 நாள் தாண்டாமல் இருந்தால், இயந்திரத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வதற்கு முன் படங்களை எடுத்துவிடுங்கள்.