நிக்கல் முலாமுக்கு என்று வாங்கிய 18,500 ரூபாய்: பழைய கிராமபோன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய கிராமபோனின் உலோகப் பாகங்களுக்கு மறுபடியும் நிக்கல் முலாம் பூசித் தருவதாகச் சொல்லி 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, குரோம் பூசி, ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸையும் அமிலத்தில் அரிக்கவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறது பெங்களூரில் உள்ள ஒரு கடை. பொருள் நேற்று மாலைதான் கைக்கு வந்தது. கோபம் ஆறிய பிறகு எழுது என்கிறார்கள் வீட்டில். இது ஆறும் கோபமாகத் தெரியவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன் என்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. சுவர்க்கடிகாரம், வால்வு ரேடியோ, கிராமபோன் என்று பழைய பொருள்களைப் பழுதுபார்க்கும் கடை என்று மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது 1920-களின் எச்.எம்.வி., பெட்டி போல மூடித் தூக்கிச் செல்லும் வகை. தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது எடுத்தது. 2001-ல் சுரங்கத்தை மூடிய பின் பெங்களூர் அல்சூருக்குக் குடிவந்தோம், அதுவும் கூடவே வந்தது. சுருள்வில்லுக்கு ஒரு குறையும் இல்லை. சாவி கொடுத்தால் 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் வேகம் குறையாமல் ஓடும். கெட்டிருந்தது முலாம் மட்டுமே. சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் குழாயான டோன் ஆர்மில் புள்ளி புள்ளியாக உரிந்து, அடியில் பச்சை பூத்த பித்தளை தெரிந்தது. ஊசிக் கிண்ணத்தின் மூடி மங்கிக் கிடந்தது.

கடைக்காரர் தமிழர். வேலை தெரிந்தவர் என்பதிலும் சந்தேகமில்லை, என் ஆத்திரமே அதில்தான் இருக்கிறது. டோன் ஆர்மை வெறும் கையால் தொடவில்லை. மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து 1950-ஆம் ஆண்டின் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். “இது முழு நிக்கல், அக்கா. இரண்டிலும் ஒரே மாதிரி லேசான மஞ்சள் சாயல் இருக்கிறது பாருங்கள். குரோம் என்றால் நீலம் அடிக்கும். இதற்குக் குரோம் பூசுகிறவன் பாவம் செய்கிறவன்” என்றார். அந்த நிமிடத்தில்தான் நம்பினேன். இவ்வளவு தெரிந்த மனிதரிடம் வேறு என்ன கேட்பது? மொத்தத் தொகையையும் முன்பணமாகக் கேட்டார். முலாம் தொட்டி தன்னுடையது இல்லை, பட்டறைக்காரருக்கு முதலிலேயே பணம் கட்டவேண்டும் என்று காரணம் சொன்னார். 18,500 ரூபாயும் அங்கேயே கைப்பேசியில் அனுப்பினேன்.

இரண்டு விஷயங்களைத் திட்டமாகச் சொல்லியிருந்தேன். சவுண்ட் பாக்ஸின் முகப்பில் இருக்கும் எழுத்துகள் அழியக்கூடாது. சாவிக் கைப்பிடியைத் தொடவே கூடாது. அந்தக் கைப்பிடியில் தாத்தாவின் கை பட்டுப் பட்டு, கட்டைவிரல் பதியும் இடத்தில் மட்டும் முலாம் தேய்ந்து பித்தளை வழவழப்பாக வெளியே வந்திருந்தது. அதை எதற்காக மூடவேண்டும்? “புரிகிறது அக்கா” என்று ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. பட்டறையில் மின்சாரம் இல்லை. நிக்கல் உப்பு வரவில்லை. வேலை பார்க்கும் பையன் தர்மபுரிக்குத் திருவிழாவுக்குப் போயிருக்கிறான். ஒரு கட்டத்துக்கு மேல் போனை எடுப்பதே நின்றது. நேரில் போனால் கல்லாவில் வேறொருவர் உட்கார்ந்துகொண்டு, முதலாளி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்புவார். உள்ளே அவருடைய இருமல் எனக்குக் கேட்கிறது!

கடைசியில் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்தால் எல்லாம் குளியலறைக் குழாய் போல நீலப் பளபளப்பு. கைப்பிடியிலும் குரோம். தாத்தாவின் விரல் தேய்த்த இடம் இருந்த அடையாளமே இல்லை. எழுத்துகளை மெருகேற்றும் பஃபிங் சக்கரம் தின்றுவிட்டிருக்கிறது, சாய்த்துப் பிடித்தால்தான் நிழலாகத் தெரிகின்றன. சவுண்ட் பாக்ஸின் பின்தட்டு முழுக்கக் குழி. உள்ளே மைக்காத் தகட்டில் ஒரு கீறல், அதைச் சுற்றி இருக்கவேண்டிய ரப்பர் வளையத்துக்குப் பதிலாகக் குழாய்ப் பசை. பழைய ஒற்றைவெட்டுத் திருகுகளின் இடத்தில் கூட்டல்குறித் திருகுகள். என் திருகுகள் எங்கே போயின?

திரும்பப் போய்க் கேட்டேன். “குரோமுக்கு அடியில் நிக்கல்தானே அக்கா இருக்கிறது, நிக்கல் பூசாமல் குரோம் ஏறாதே” என்றார். உண்மைதான். அலங்காரக் குரோம் என்பது நிக்கல் படலத்தின் மேல் போடும் மிக மெல்லிய பூச்சு. அந்த உண்மையை வைத்துக்கொண்டே என் வாயை அடைக்கப் பார்க்கிறார்! நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நிறம் காட்டியது யார் என்று கேட்டேன். பதில் இல்லை. “புதுசு மாதிரி மின்னுகிறதே, இன்னும் என்ன வேண்டும்” என்றபடி அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார். 18,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்பதையும் முகம் பார்க்காமலேயே சொன்னார்.

முலாம் பூசும் தொழிலில் நெடுங்காலம் இருக்கும் உறவினர் ஒருவரிடம் காட்டினேன். பின்தட்டு பித்தளை இல்லை, துத்தநாகக் கலவையில் வார்த்தது என்றார். பித்தளைக்கும் அதற்கும் ஒரே அமிலத் தொட்டி ஆகாது. துத்தநாகத்தை அமிலம் அரித்துவிடும். அதற்கு முதலில் தாமிரத்தை மெல்லிதாக ஏற்றிக்கொண்டு, அதன் மேல்தான் நிக்கல் பூசவேண்டும். அந்தக் காலத்துத் துத்தநாக வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்தால் தானாகவே உப்பி வெடிப்பதும் உண்டு, அவ்வளவு நோஞ்சான் பொருள். எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோத்து அமிலத்தில் இறக்கியிருக்கிறார்கள். மேலே உள்ள குரோமை மட்டும் கழற்றி அடியிலிருக்கும் நிக்கலைக் காப்பாற்ற முடியுமாம். அரித்த தட்டையும் அழிந்த எழுத்தையும் யாராலும் திருப்பித் தர முடியாது. 1920-களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் குரோம் பூச்சு கடைத்தொழிலாக வந்தது. அதற்கு முந்தைய இயந்திரத்தில் குரோமைக் கண்டால் பழம்பொருள் தெரிந்தவர் யாரும் மதிக்கமாட்டார்கள். 18,500 ரூபாய் கொடுத்து அதன் மதிப்பையும் இழந்திருக்கிறேன்.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். முலாம் உரியாமல் மங்கி மட்டும் இருந்தால் பட்டறைக்கே அனுப்பாதீர்கள். சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, மெழுகு தேய்த்தாலே பெரும்பாலும் போதும். உப்புத்தாள் கூடவே கூடாது. சவுண்ட் பாக்ஸைத் தனியாகக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தையும், திருகு உட்பட, நாணயம் பக்கத்தில் இருக்கும்படி படம் எடுங்கள். ரசீதில் ‘நிக்கல் மட்டும், குரோம் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொட்டி வேறு இடத்தில் இருக்கிறது என்றால் அந்த இடத்தைப் பார்க்காமல் பணம் தராதீர்கள்.

ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கவேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ரசீதின் இரண்டு பக்கத்தையும் பணம் அனுப்பிய பதிவையும் நகல் எடுத்துவிட்டேன். இதே வகைக் கடையில் இதே மாதிரி குரோம் வாங்கியவர்கள் பெங்களூரில் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.