அம்பாசடரில் இசுசு இன்ஜின்: காரைக்குடிப் பட்டறை வேலை எப்படி?

செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பழைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினை இறக்கிவிட்டு, 1817 சிசி இசுசு (ஜப்பான் கம்பெனி) பெட்ரோல் இன்ஜினை அதன் 5 கியர் பெட்டியோடு ஏற்றித் தருகிறது இந்தப் பட்டறை. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கின் வெல்டிங் சுத்தம். கியர் பெட்டியின் சுழற்சியைப் பின்அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை அளவுக்கு மாற்றியதும் பேலன்ஸ் பார்த்தே மாட்டுகிறார்கள். பேலன்ஸ் பார்க்காமல் விட்டால் வேகமெடுக்கும்போது வண்டியின் தரை அதிரும், ஷாஃப்ட் முனையிலுள்ள யு-ஜாயின்ட் இணைப்பு சீக்கிரம் போகும்.

குறை ரேடியேட்டரில்தான். பழையதையே கழுவி மாட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் ஏசியும் ஓடினால் வெப்பமுள் ஏறிவிடும். பெரிய கோர் (தண்ணீர் ஓடிக் குளிரும் உட்பகுதி) கேளுங்கள். முன்சக்கரத்தில் டிரம் பிரேக்கை அப்படியே விடுவது அதைவிடத் தப்பு; டிஸ்க் பிரேக்கும், மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரும் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி முன்கூட்டியே வேண்டும், ஆர்சியிலும் புது இன்ஜின் எண் ஏற வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம்ணே" என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.