யாருக்கு வாக்களிப்பது: மனத்துக்குப் பிடித்தவருக்கா, வெல்லக்கூடியவருக்கா?

பிரான்ஸ் அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் இரண்டு வழிகளையும் மக்கள் பரீட்சித்துவிட்டார்கள். அந்தச் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடம் பெற்றவர்கள் மட்டும் இரண்டாம் சுற்றில் மோதுவார்கள்.

2002இல் 16 வேட்பாளர்கள். வலதுசாரி சிராக்கும் சோசலிஸ்ட் ஜோஸ்பனும்தான் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள் என்றன கருத்துக்கணிப்புகள். அந்தத் தைரியத்தில் இடதுசாரிகள் பலர் தங்களுக்குப் பிடித்த சிறு கட்சிகளுக்கு வாக்களித்தார்கள். ஜோஸ்பன் 16.18%, தீவிர வலதுசாரி லெ பென் 16.86%. ஜோஸ்பன் வெளியேறினார், லெ பென்னைத் தடுக்க இடதுசாரிகள் சிராக்குக்கே வாக்களிக்க வேண்டியதாயிற்று. மனத்தின்படி போட்ட வாக்கையும் கணிப்புதான் கெடுத்தது என்பேன்.

2022இல் பலர் வெற்றிவாய்ப்பைக் கணக்கிட்டு தீவிர இடதுசாரி மெலான்ஷோன் பின்னால் திரண்டார்கள். 21.95% பெற்றும் அவருக்கு மூன்றாமிடமே. சோசலிஸ்ட் வேட்பாளர் இதால்கோ 1.75%க்குச் சுருங்கினார்.

நான் மனத்தின் பக்கம். கணக்குப் பார்க்க இரண்டாம் சுற்று இருக்கிறது. கொள்கையைச் சொல்ல முதல் சுற்று மட்டுமே இருக்கிறது.